தூண்டலும் காத்திருப்பும்: பச்சிளங்குழந்தையின் உடலசைவை உற்றுநோக்கிய வரலாறு (1787 – 1997)

ஆய்வுச்சுருக்கம்

பிறந்த குழந்தையின் அசைவுகளையும் உடல் நிலையையும் அறிவதற்கு மருத்துவ உலகம் இரு வழிகளைக் கைக்கொண்டுள்ளது. ஒன்று, குழந்தையைத் தொட்டும் தட்டியும் தூக்கியும் அதனிடமிருந்து எதிர்வினையை வரவழைப்பது. மற்றொன்று, தொடாமல் காத்திருந்து அது தானாகச் செய்வதைக் காண்பது. 1882ஆம் ஆண்டிலேயே இவ்விரண்டுக்கும் உரிய அசைவுகள் தெளிவாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தும், அதன்பின் நெடுங்காலம் முதல் வழியே மேலோங்கி நின்றது. இரண்டாம் வழி பின்னுக்குத் தள்ளப்பட்டதற்கான காரணங்களையும் அது மீண்டெழுந்த வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. குழந்தையிடம் எதைக் காண்கிறோம் என்பதைக் காணும் முறையே பெரிதும் முடிவுசெய்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பச்சிளங்குழந்தை, தெறிவினை, தன்னெழுச்சி அசைவு, உடல் நிலை, பிரேயர், மோரோ, பிரெக்டல், பெருமூளை வாதம்.

முன்னுரை

மல்லாந்து கிடக்கும் ஒரு பச்சிளங்குழந்தை சும்மா கிடப்பதில்லை. கைகளை விரிக்கிறது, காலை உதைக்கிறது, கழுத்தைத் திருப்புகிறது, உடலை நெளிக்கிறது. எவரும் தொடாதபோதும், ஒலி எதுவும் எழாதபோதும் இவை நிகழ்கின்றன. இதே குழந்தையின் உள்ளங்கையில் ஒரு விரலை வைத்தால் அது பற்றிக்கொள்கிறது. உள்ளங்காலைக் கீறினால் விரல்கள் விரிகின்றன. முன்னவை குழந்தையிடமிருந்தே எழுபவை. பின்னவை வெளியிலிருந்து வந்த தூண்டலுக்கு விடையாக எழுபவை. இரண்டுமே விருப்பத்தால் செய்யப்படுபவை அல்ல. எனினும் அவற்றின் தோற்றுவாய் வேறு.

இவ்வேறுபாட்டைத் தமிழில் எழுதும்போது ஒரு கலைச்சொல் இடர்ப்பாடு எழுகிறது. தமிழகப் பாடநூல்கள் தூண்டலுக்கு எழும் உடனடி எதிர்வினையை ‘அனிச்சைச் செயல்’ என்கின்றன. ‘இச்சையின்மை’ என்னும் பொருளைக் கொண்ட இச்சொல், தூண்டலின்றி எழும் அசைவையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும் இயல்புடையது. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘தெறிவினை’ என்னும் சொல்லோ பட்டுத் தெறித்து மீளுதல் என்னும் பொருளைத் தெளிவாகத் தாங்கி நிற்கிறது. ஆதலின் இக்கட்டுரை தூண்டலுக்கு எழுவதைத் ‘தெறிவினை’ என்றும், தூண்டலின்றி எழுவதைத் ‘தன்னெழுச்சி அசைவு’ என்றும் வழங்குகிறது. இது வெறும் சொல் தெரிவு அன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கண்டதே இவ்வரலாற்றின் நடுவே நிற்கும் பிழை.

1. நாட்குறிப்புகளின் காலம்

குழந்தையின் வளர்ச்சியை முறையாகக் குறித்துவைத்த தொடக்ககால ஆவணங்களுள் முதன்மையானது, ஜெர்மானிய மெய்யியலாளர் டீட்ரிக் டீடெமன் 1787இல் வெளியிட்ட குறிப்பாகும். 1781இல் பிறந்த தம் மகனின் வளர்ச்சியை அவர் பிறப்பு முதல் கண்டு எழுதினார். அம்மகனே பின்னாளில் புகழ்பெற்ற உடற்கூற்றியலாளரான ஃபிரெடெரிக் டீடெமன். தந்தையின் நோக்கம் மருத்துவம் அன்று. மனத்தின் ஆற்றல்கள் எந்த வரிசையில் வெளிப்படுகின்றன என்னும் மெய்யியல் வினாவுக்கு விடை காண்பதே.

சார்லஸ் டார்வின் தம் மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பரில் பிறந்தது முதல் குறிப்பெடுத்தார். அந்நாட்குறிப்பில் அவர் மனைவி எம்மாவின் கையெழுத்திலும் பதிவுகள் உள்ளன. அக்குறிப்புகள் 1877ஆம் ஆண்டில்தான் ‘மைண்ட்’ என்னும் ஆய்விதழில் கட்டுரையாக வெளிவந்தன. தும்மல், விக்கல், கொட்டாவி, சோம்பல் முறித்தல், உறிஞ்சுதல், வீறிடுதல் ஆகியவை முதல் ஏழு நாள்களிலேயே செவ்வனே நிகழ்ந்ததாக டார்வின் பதிவு செய்கிறார். ஏழாம் நாளில் குழந்தையின் வெறும் உள்ளங்காலை ஒரு தாள் துண்டால் தொட்டார். குழந்தை காலை வெடுக்கென இழுத்து விரல்களை மடக்கியது. தெறிவினைகள் இவ்வளவு செம்மையாக இருக்க, விருப்ப அசைவுகள் மட்டும் செம்மையற்றிருப்பதற்குக் காரணம் தசைகளின் குறை அன்று, விருப்பத்தின் இருப்பிடம் இன்னும் முதிராமையே என்பது அவர் கண்ட முடிவு. கண்டு எழுதுவதே முதன்மையாக இருந்த அந்நாட்குறிப்பிலும் தாள் துண்டு நுழைந்துவிட்டது கருதத்தக்கது.

உற்றுநோக்கலை ஒரு முறையியலாக வளர்த்தவர் யேனா பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியர் வில்ஹெல்ம் பிரேயர். 1877இல் பிறந்த தம் மகனை நாளொன்றுக்கு மூன்று முறையேனும் கண்டு எழுதி, 1882இல் ‘குழந்தையின் ஆன்மா’ எனப் பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். கண்டதை உடனே எழுத வேண்டும் என்பது அவர் வகுத்துக்கொண்ட நெறி. அவர் குழந்தையின் அசைவுகளை நான்காகப் பகுத்தார்: உள்ளெழுச்சி அசைவு, தெறிவினை, இயல்பூக்க அசைவு, எண்ணத்தால் எழும் அசைவு. இவற்றுள் முதலாவது எந்தப் புறத்தூண்டலும் இன்றி நரம்பு மண்டலத்திற்குள்ளிருந்தே எழுவது. துயிலெழும் குழந்தை கைகால்களை நீட்டி மடக்குவது இவ்வகை. கருவறையிலேயே தொடங்கிய அசைவுகளின் தொடர்ச்சியாகவே அவர் இவற்றைக் கண்டார். 1885இல் வெளிவந்த கருவின் உடலியங்கியல் நூலில் இக்கருத்துக்கு மேலும் வலுச்சேர்த்தார். கோழிக்கரு தூண்டலுக்கு விடையளிக்கத் தொடங்குமுன்னரே அசையத் தொடங்கிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. அதாவது, உணர்வதற்கு முன்பே உயிர் அசைகிறது.

2. தெறிவினையின் ஆட்சி

பிரேயரின் நான்கு வகைகளுள் அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது இரண்டாவதை மட்டுமே. அதற்கான சூழல் பல திசைகளிலிருந்து உருவாயிற்று.

முதலாவது, பரிணாமக் கொள்கை. ஆங்கில மருத்துவர் லூயி ராபின்சன் 1891இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு மாதத்திற்கு உட்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் தாம் நடத்திய சோதனையை விவரிக்கிறார். அவர்களுள் பாதிப் பேரேனும் பிறந்து ஒரு மணி நேரத்திற்குள் சோதிக்கப்பட்டவர்கள். இருவர் தவிர ஏனையோர் அனைவரும் ஒரு விரலையோ சிறு குச்சியையோ பற்றிக்கொண்டு, தம் முழு எடையையும் தாங்கிப் பத்து நொடிகளேனும் தொங்கினர். மரக்கிளையில் வாழ்ந்த மூதாதையரின் எச்சமாக இப்பற்றுதல் விளக்கப்பட்டது. குழந்தையின் கை இங்கே அக்குழந்தையைப் பற்றி எதுவும் கூறவில்லை. குரங்கினத்தைப் பற்றிக் கூறியது.

இரண்டாவது, நரம்பியலின் வளர்ச்சி. உள்ளங்காலைக் கீறும்போது பெருவிரல் மேல்நோக்கி எழுவது, வளர்ந்தவரிடத்தில் நரம்பு மண்டலக் கேட்டின் அறிகுறி என்பதைப் பாரிசில் ஜோசப் பாபின்ஸ்கி 1896இல் அறிவித்தார். சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் வெளியிட்ட நூல் தெறிவினையை நரம்பு மண்டல ஒருங்கிணைப்பின் அடிப்படை அலகாக நிறுவியது. ஹைடல்பெர்க் குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ 1918இல் விவரித்த தெறிவினை இவ்வரிசையின் உச்சம். மல்லாந்த குழந்தையின் இருபுறமும் தலையணையைத் தட்டினால் அதன் கைகள் அகல விரிந்து, பின் அணைப்பதுபோலக் கூடுகின்றன. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியின் செயலோடு மோரோ இதனை ஒப்பிட்டார். வாழ்வின் முதல் மூன்று மாதங்களுக்கே உரிய அடையாளமாக அவர் இதனைக் கொண்டார்.

தெறிவினைச் சோதனைகள் பயனற்றவை அல்ல. மோரோ தெறிவினையில் ஒரு கை மட்டும் விரியாதிருப்பின், பிரசவத்தின்போது தோள் நரம்புப் பின்னலில் நேர்ந்த காயத்தையோ காறை எலும்பின் முறிவையோ ஐயுறலாம். இச்சோதனைகள் எளியவை, சில நொடிகளில் முடிபவை, மருத்துவமனையின் விரைவுக்கு ஏற்றவை. அவை நிலைபெற்றதற்கு இதுவும் காரணம்.

ஆயினும் அவற்றின் எல்லை விரைவிலேயே புலப்பட்டது. ஆஸ்திரிய நரம்பியலாளர் எட்வர்ட் காம்பர், பெருமூளை வளராது பிறந்த ஒரு குழந்தையை ஆராய்ந்து 1926இல் வெளியிட்டார். உறிஞ்சுதல் முதலிய பல செயல்கள் அக்குழந்தையிடம் காணப்பட்டன. இதிலிருந்து இரு முடிவுகளுக்கு வர இயலும். தெறிவினைகள் சரியாக இருப்பது பெருமூளை நலமாக இருப்பதற்குச் சான்றாகாது என்பது ஒன்று. பச்சிளங்குழந்தை எதுவாயினும் அது மூளைத்தண்டின் அளவிலேயே வாழ்கிறது என்பது மற்றொன்று. முதல் முடிவு சோதனையின் குறையைச் சுட்டுவது. இரண்டாம் முடிவு அக்குறையைக் குழந்தையின் மேல் ஏற்றுவது. மேலோங்கியது இரண்டாவதே. நியூயார்க்கில் மிர்ட்டில் மெக்ரா 1943இல் வெளியிட்ட நூலும், பிறந்த குழந்தையின் அசைவுகள் புறணிக்குக் கீழான மையங்களால் இயங்குகின்றன, புறணி முதிரும்போது அவை ஒடுங்குகின்றன என்னும் விளக்கத்தை முன்வைத்தது. நிமிர்த்திப் பிடிக்கையில் பச்சிளங்குழந்தை இடும் நடையடிகள் சில மாதங்களில் மறைவது அதற்குச் சிறந்த சான்றாகக் கருதப்பட்டது.

3. உடல் நிலையும் அளவுகோலும்

அசைவை ஆராய்ந்தோர் தெறிவினையில் நிலைத்திருந்தபோது, உடல் நிலையை ஆராய்ந்தோர் வேறு மூன்று பாதைகளில் சென்றனர்.

யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசல் அமைத்த குவிமாடக் கூடத்தில் குழந்தை நடுவே கிடத்தப்பட்டது. ஒளிப்படக் கருவிகள் சுற்றிலும் இயங்கின. காண்போர் ஒருவழித் திரைக்குப் பின்னே அமர்ந்தனர். 1934இல் அவர் வெளியிட்ட படத்தொகுப்பில் 3,200 ஒளிப்படங்கள் இடம்பெற்றன. தலை நிமிர்தல், புரளுதல், அமர்தல், தவழ்தல், நிற்றல் என்னும் படிநிலைகள் வார, மாதக் கணக்கில் அட்டவணையாயின. இங்கே தொடுதல் குறைந்தது. ஆனால் கனசதுரமும் மணியும் குழந்தைமுன் வைக்கப்பட்டன. காணப்பட்டது அசைவின் தன்மை அன்று, அசைவு தோன்றிய நாள்.

பிரான்சில் ஆந்த்ரே-தோமாவும் சேன்-ஆன் தார்கஸியும் 1952இல் வெளியிட்ட நூல் தசைத் தொனியை நடுவில் வைத்தது. குழந்தையின் கையை மார்பின் குறுக்கே எதிர்த்தோள் நோக்கி இழுக்கும்போது முழங்கை எவ்வளவு தொலைவு செல்கிறது, முழங்கால் மடிப்பு எவ்வளவு விரிகிறது என்பன அளக்கப்பட்டன. 28 வாரக் குறைமாதக் குழந்தை தளர்ந்து நீண்டு கிடக்கிறது. நிறைமாதக் குழந்தை கைகால்களை மடக்கிக் கிடக்கிறது. இம்முதிர்ச்சி காலிலிருந்து மேல்நோக்கிப் படர்வதைத் தார்கஸி தெளிவுபடுத்தினார். கிடக்கும் நிலையே கருவின் அகவையைக் கூறும் என்னும் இக்கண்டுபிடிப்பு இன்றளவும் பயன்பாட்டில் உள்ளது.

மூன்றாவது பாதை புடாபெஸ்ட் நகரின் லோட்சி தெருவில் தொடங்கியது. 1946இல் அங்கு நிறுவப்பட்ட குழந்தைகள் இல்லத்தைக் குழந்தை மருத்துவர் எமி பிக்லர் நடத்தினார். தானாக அடையாத உடல் நிலையில் குழந்தையை வைக்கலாகாது என்பது அவர் கொள்கை. தானாக அமரும்வரை குழந்தையை எவரும் அமர்த்துவதில்லை. தானாக நிற்கும்வரை எவரும் நிறுத்துவதில்லை. மல்லாந்த நிலையிலிருந்து அமர்தலுக்கும் நிற்றலுக்கும் இடையே, பிறர் உதவியால் மறைக்கப்பட்டிருந்த ஒருக்களித்தல், முழங்கையூன்றல் முதலிய இடைநிலைகள் பல அங்கே காணக்கிடைத்தன. வளர்ச்சி அட்டவணைகளில் இடம்பெறாத அவ்விடைநிலைகள் புதியவை அல்ல. குழந்தைகள் எக்காலத்தும் அவற்றைச் செய்ய வல்லவர்களாகவே இருந்தனர். அதற்கான இடைவெளிதான் அளிக்கப்படவில்லை.

4. பிரேயரின் மீட்சி

தன்னெழுச்சி அசைவு ஆய்வுலகுக்கு மீண்டு வந்தது கோழிமுட்டையின் வழியாகவே. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கருவியல் ஆய்வு நடத்திய விக்டர் ஹாம்பர்கர், 1960களில் பிரேயரின் மறக்கப்பட்ட கருத்தைக் கையிலெடுத்தார். கோழிக்கருவின் தண்டுவடத்தில் உணர்வுச் செய்திகள் நுழையும் பகுதியை அவரும் உடன் ஆய்வாளர்களும் அகற்றினர். கால்கள் தொடர்ந்து அசைந்தன. 1966இல் வெளியான இம்முடிவு, அசைவுக்குத் தூண்டல் இன்றியமையாதது என்னும் கருத்தை வலுவிழக்கச் செய்தது.

மனிதக் குழந்தைக்கு இதனைக் கொண்டுவந்தவர் வியன்னாவில் பிறந்து நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பணியாற்றிய ஹெய்ன்ஸ் பிரெக்டல் (1927–2014). விலங்கு நடத்தையியலின் நோக்கு அவரிடம் படிந்திருந்தது. ஒரு விலங்கை அறிய அதனைச் சீண்டுவதினும் அதன் இயல்பான போக்கில் விட்டுக் காண்பதே தலையாயது என்பது அத்துறையின் அடிப்படை. எனினும் பிரெக்டல் தொடங்கியது தெறிவினைகளிலிருந்தே. 1964இல் பெயின்டெமாவுடன் வெளியிட்ட பரிசோதனைக் கையேட்டில், குழந்தையின் விழிப்பு, துயில் நிலைகளை ஐந்தாக வகுத்தார்: சீரான மூச்சுடன் துயிலுதல், சீரற்ற மூச்சுடன் துயிலுதல், விழித்து அசையாதிருத்தல், விழித்து அசைதல், அழுதல். ஒரே தூண்டல் வெவ்வேறு நிலைகளில் வெவ்வேறு விளைவைத் தரும் என்பது இதனால் நிறுவப்பட்டது. ஆகவே தொடுவதற்கு முன் குழந்தை எந்நிலையில் உள்ளது என்பதைக் காண வேண்டும். தூண்டலுக்கு முன் காத்திருப்பு இவ்வாறு விதியாயிற்று.

1980களில் இரு நிகழ்வுகள் பழைய விளக்கத்தைத் தளரச்செய்தன. மீயொலிக் கருவி கருவறையைத் தொந்தரவின்றிக் காண வழிதந்தது. டி ஃபிரீஸ், விஸ்ஸர், பிரெக்டல் ஆகியோர் 1982இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 8ஆம் வாரத்திலேயே கரு அசையத் தொடங்குவதையும், 15ஆம் வார அளவில் பிறந்த குழந்தையிடம் காணப்படும் அசைவு வகைகளுள் பெரும்பாலானவை அங்கே இருப்பதையும் காட்டியது. மற்றொன்று, அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலன் குழுவினரின் 1984ஆம் ஆண்டு ஆய்வு. நடையடிகள் குறையத் தொடங்கிய குழந்தைகளை அவர்கள் கால்கள் நீரில் அமிழுமாறு பிடித்தபோது அடிகள் மிகுந்தன. கால்களில் சிறு எடையைக் கட்டியபோது அவை குறைந்தன. நடையடியை மறைத்தது புறணியின் அடக்குமுறை மட்டுமன்று. வேகமாகப் பருத்த கால்களின் எடையும் அதில் பங்கு கொண்டது. ‘மறைந்தது’ எனக் கருதப்பட்டது குழந்தையிடமே இருந்தது.

5. அசைவின் தன்மையே சான்றாதல்

தன்னெழுச்சி அசைவைக் காண்பது நோயறிதலுக்கு உதவுமா என்பதே எஞ்சிய வினா. முதலில் பிரெக்டல் குழுவினர் அசைவுகளை எண்ணினர். நலமான குழந்தையையும் மூளைக்கேடுற்ற குழந்தையையும் எண்ணிக்கை தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை. பிரித்துக் காட்டியது அசைவின் தன்மை. 1990இல் வெளியான கட்டுரை இதனை முன்வைத்தது.

நலமான குழந்தையின் முழுவுடல் அசைவு கை, கால், கழுத்து, உடல் ஆகியவற்றை மாறி மாறி ஈடுபடுத்துகிறது. விசையும் வேகமும் மெல்ல ஏறி மெல்ல இறங்குகின்றன. ஒருமுறை வந்த வரிசை அப்படியே மறுமுறை வருவதில்லை. மூளைக்கேடுற்ற குழந்தையிடம் இப்பன்மை குன்றுகிறது. கடும் கேட்டில் கைகால்களும் உடலும் ஒரேசமயத்தில் இறுகி, ஒரேசமயத்தில் தளர்கின்றன. நிறைமாத அகவைக்குப்பின் ஏறத்தாழ 9 முதல் 20 வாரம் வரை, கழுத்திலும் உடலிலும் கைகால்களிலும் எல்லாத் திசைகளிலும் சிறிய, மிதவேகத் துடிப்பசைவுகள் தோன்றுகின்றன. இத்துடிப்பசைவுகளே முதன்மையான சான்று.

1997இல் ‘லான்செட்’ இதழில் பிரெக்டல், ஐன்ஸ்பீலர், சியோனி முதலியோர் வெளியிட்ட ஆய்வு 130 குழந்தைகளைப் பற்றியது. துடிப்பசைவு இயல்பாக இருந்த 70 பேரில் 67 பேர் நரம்பியல் நலத்துடன் வளர்ந்தனர். அது பிறழ்ந்தோ இல்லாமலோ இருந்த 60 பேரில் 57 பேரிடம் பின்னாளில் குறைபாடு காணப்பட்டது. அவர்களுள் 49 பேருக்குப் பெருமூளை வாதம். இக்கண்டறிதலுக்குத் தேவைப்பட்டவை விழித்து அமைதியாகக் கிடக்கும் ஒரு குழந்தை, சில நிமிடக் காணொளி, பயிற்சி பெற்ற கண் ஆகியவையே. குழந்தைமுன் விளையாட்டுப் பொருள் இருத்தலாகாது. வாயில் சூப்பான் இருத்தலாகாது. எவரும் பேச்சுக் கொடுக்கலாகாது. நூறாண்டுக்காலச் சோதனை முறை குழந்தையிடம் செய்த அனைத்தையும் இம்முறை விலக்கியது.

இதன் எல்லைகளும் கூறத்தக்கவை. அழும் குழந்தையிடமும் துயிலும் குழந்தையிடமும் துடிப்பசைவை மதிப்பிட இயலாது. மதிப்பிடுவோரின் கண் பழகியதாக இருக்க வேண்டும். அது சோர்வுறும் இயல்பும் உடையது. இம்முறை தனித்து நின்று தீர்ப்பளிப்பதும் அன்று. 2017இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், ஐந்து மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளிடம் இதனைக் காந்த ஒத்ததிர்வுப் படிமத்தோடும் நரம்பியல் பரிசோதனையோடும் இணைத்தே பரிந்துரைக்கிறது. ஆயினும் பெருமூளை வாதத்தை உறுதிசெய்ய ஓராண்டு, ஈராண்டு காத்திருந்த பெற்றோருக்கு அக்காத்திருப்பைச் சில மாதங்களாகச் சுருக்கித் தந்தது இவ்வழியே. மூளை மிகுதியும் நெகிழ்வுடன் உள்ள காலத்திலேயே பயிற்சி தொடங்க இதனால் இயலும்.

முடிவுரை

இவ்வரலாற்றைக் கருவிகளின் வளர்ச்சியாக மட்டும் விளக்குதல் பொருந்தாது. காணொளியும் மீயொலியும் உதவின என்பது உண்மை. ஆனால் தன்னெழுச்சி அசைவு என ஒன்று உண்டு என்பதைப் பிரேயர் எழுதுகோலும் பொறுமையும் கொண்டே 1882இல் கண்டுவிட்டார். இடைக்காலத்தில் அது மறைந்ததற்குக் காரணம் கருவியின்மை அன்று. வினவிய வினாவின் அமைப்பு. தூண்டுபவர் தூண்டலுக்கான விடையை மட்டுமே பெறுகிறார். அவ்விடைகளின் தொகுப்பையே குழந்தை எனக் கொள்ளும்போது, குழந்தை தூண்டலின்றி இயங்காத பொறியாகத் தோன்றுகிறது.

பெயரிடும் முறையிலும் இவ்வேறுபாடு வெளிப்படுகிறது. மோரோ, பாபின்ஸ்கி எனத் தெறிவினைகள் பல அவற்றை வரவழைத்தவரின் பெயரால் வழங்குகின்றன. தமிழ்ப் பிள்ளைத்தமிழ் மரபோ செங்கீரை, சப்பாணி, வருகை எனப் பருவங்கள் சிலவற்றைக் குழந்தையின் செயலால் குறிக்கிறது. ஒரு காலை மடித்து, மற்றொன்றை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்ந்தாடும் செங்கீரை, ஓர் உடல் நிலையின் பெயர். பிள்ளைத்தமிழ் மருத்துவ நூல் அன்று. அதன் பருவ வரிசையை வளர்ச்சி அட்டவணையாகப் படிப்பதும் முறையன்று. குழந்தையைச் செயலின் எழுவாயாக வைக்கும் மொழிவழக்கு தமிழில் உண்டு என்பதற்கு மட்டுமே அது சான்று.

ஆதலின் தமிழ் மருத்துவக் கலைச்சொல்லாக்கத்தில் தெறிவினையும் தன்னெழுச்சி அசைவும் ஒரே ‘அனிச்சை’யின் கீழ் அடங்காதிருத்தல் வேண்டும். தன் குழந்தை ‘சும்மா கைகாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது’ எனக் கூறும் தாய் தருவது ஒரு நரம்பியல் செய்தி. ‘முன்போல் ஆட்டவில்லை’ என அவள் கூறுவது அதனினும் பெரிய செய்தி. அதனைக் கேட்பதற்குரிய சொல் பாடநூலில் இருந்தால்தான் செவிலியரும் மருத்துவரும் அதனைக் குறித்துக்கொள்வர்.